நாயொடு நடப்பார்க்கு நனையாக் காலணி: வேளச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

காலணியைப் பற்றி நம் முன்னோர் பேசாமல் விட்டதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் வணிகர்கள் பாதத்தை மூடிய காலணியோடுதான் வழிநடக்கிறார்கள். பரதன் ஒரு ஜோடிப் பாதுகையை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆட்சி நடத்தினான். அந்த ஆட்சி மேல் பெரிய புகார் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. வேதாந்த தேசிகர் அரங்கநாதரின் பாதுகைகளை மட்டுமே பாடுபொருளாக வைத்து 1008 சுலோகங்கள் செய்தார். ஒரே இரவில் செய்து முடித்தார் என்பது வைணவ மரபு.

இவ்வளவு இருந்தும் ஓர் ஆய்வு இடைவெளி இருக்கிறது. ஐப்பசி அடைமழையில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஒரு கையில் குடையும் மறு கையில் நாய்ச் சங்கிலியுமாகத் தெருவில் இறங்குகிறவன் காலில் எதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது பற்றி மேற்படியார் எவரும் வாய் திறக்கவில்லை. பரதன் வைத்திருந்த பாதுகைகள் அரியணையை விட்டு இறங்கவே இல்லை. தண்ணீரில் அவை எப்படி உழைக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. ஆகவே இவ்வாய்வு தேவையாகிறது.

ஆய்வு எல்லையும் நெறியாளரும்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்கிற 1400 மி.மீ. சொச்சம் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இவ்வாய்வின் கால எல்லை அதுவே. கோடைக்கால நடையை ஆய்வாளர் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது பிரச்சினை நமக்கில்லை, நாய்க்கு. மத்தியானத் தார்ரோட்டில் ஐந்து நொடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

இட எல்லை வேளச்சேரி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் போகிற வழியில் இளைப்பாறுகிற ஊர் இது. தெருவைப் புதுப்பிக்கிறபோதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வாசல்படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள் இப்போது படி இறங்கிப் போகிறார்கள். ஆய்வுக் களமாக இதைவிடத் தோதான இடம் அமையாது.

நெறியாளர் பெயர் மணி. தாய் சிப்பிப்பாறை இனம் என்று கொடுத்தவர் சொன்னார். தந்தை பற்றி முதன்மைச் சான்று எதுவும் இல்லை. வெயில், மழை, புயல் எச்சரிக்கை எதையும் பொருட்படுத்தாமல் காலையும் மாலையும் களத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பது அவர் கொள்கை. வீட்டுக்குள் காரியத்தை முடிக்க மறுக்கிற ஒழுக்கம் உடையவர். இவ்வாய்வு தொடங்கியதற்கும் முடியாமல் இழுத்ததற்கும் அவரே காரணம்.

முந்தைய ஆய்வுகள்

நாய் மழையில் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காலணி எவ்வளவு நேரம் தண்ணீரில் நிற்கும் என்பது அதைப் பொறுத்தது. நல்லவேளையாக உலகம் இதை ஆராய்ந்திருக்கிறது. செக் நாட்டு, ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களின் பின்னால் இரண்டு ஆண்டுகள் நடந்து, 1,893 மலங்கழிப்புகளையும் 5,582 சிறுநீர் கழிப்புகளையும் திசைகாட்டியோடு பதிவு செய்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் உடம்பை வடக்கு தெற்காக நிறுத்திக்கொண்டு உட்காரவே விரும்புகின்றன என்று 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். மறு ஆண்டு இக் நோபல் பரிசு கிடைத்தது. கேட்டால் சிரிப்பு வரும், பிறகு யோசனை வரும் என்கிற ஆய்வுகளுக்குத்தான் அந்தப் பரிசைத் தருகிறார்கள். சிரிப்பு மழை பெய்யாத ஊர்க்காரர்களுக்கு. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, நெறியாளர் ஒரு மின்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தவனுக்கு யோசனை மட்டும்தான். காந்தப்புலம் அமைதியாக இல்லாத நாளில்தான் இவர் இப்படிச் சுற்றுகிறார் என்பது இவ்வாய்வாளரின் ஊகம், நிறுவ வசதியில்லை.

காரியம் முடிந்ததும் நெறியாளர் பின்னங்கால்களால் மண்ணைப் பறித்துப் பின்னால் வீசுவார். மூடி மறைக்கிறார் என்று நாம் நினைப்பது தப்பு. விரலிடுக்குச் சுரப்பிகளின் வாடையைத் தரையில் பதித்து, இன்னார் வந்து போனார் என்று ஊருக்கு அறிவிக்கிற வேலை அது. மழைக்காலத்தில் மண்ணுக்குப் பதில் சேறு. பின்னால் நிற்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் உடம்பை உதறுவார். லாப்ரடார் நாய் நொடிக்கு நாலு தடவைக்கு மேல் உதறும் என்றும், நாய்கள் நாலு நொடிக்குள் உடம்பு ஈரத்தில் பெரும்பங்கை இறக்கிவிடும் என்றும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-இல் அளந்து சொன்னார்கள். இறங்கிய ஈரம் எங்கே போய் ஏறுகிறது என்று அவர்கள் அளக்கவில்லை.

ஆக, காலணிக்குத் தண்ணீர் கீழிருந்தும் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. கடைக்காரர் ‘வாட்டர்ப்ரூஃப் சார்’ என்று சொல்லும்போது கீழே மட்டும் பார்த்துச் சொல்கிறார்.

கம்பூட்ஸ் பற்றி

சார்லஸ் குட்இயர் ரப்பரை கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் உடையாது என்று 1839-இல் கண்டுபிடித்தார். ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் அந்த முறைக்கு உரிமை வாங்கி 1853-இல் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். மரச்செருப்பில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பிரெஞ்சு விவசாயிகள் அதன் பிறகு காய்ந்த காலோடு வீடு திரும்பினார்கள். இதுவரை சரி. ஆனால் பிரான்சில் மழை குளிரோடு வரும். இங்கே புழுக்கத்தோடு வரும்.

கம்பூட்ஸுக்குள் தண்ணீர் புகாது என்பது உண்மை. அதே காரணத்தால் வியர்வை வெளியே போகாது என்பதும் உண்மை. நவம்பரிலும் நம் ஊர் பகலில் முப்பது டிகிரியை ஒட்டி நிற்கும். அரை மணி நேரம் அதைப் போட்டு நடந்துவிட்டுக் கழற்றினால், வெளியே மழையில் நனையாத கால் உள்ளே தன் சொந்த மழையில் நனைந்து ஊறியிருக்கும். விரலிடுக்கில் தோல் வெளுத்துச் சேற்றுப்புண் வருவதற்கு இது போதும். சேற்றில் இறங்காமலே சேற்றுப்புண் வாங்கித் தருகிற காலணி இது ஒன்றுதான்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. கம்பூட்ஸுக்கு மேலே வாய் இருக்கிறது. சாலைப் பள்ளத்தில் கால் இறங்கித் தண்ணீர் அந்த வாயைத் தாண்டிய கணத்தில் கம்பூட்ஸ் குடமாகிவிடுகிறது. புகாத பொருள் வழியே வெளியேயும் போகாதல்லவா? இனி அதைக் கொட்டியாக வேண்டும். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கையாலும் பூட்ஸை இழுக்கும்போது உள்ளே காற்றுப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற அந்த நேரம் பார்த்து எதிர் மதிலில் பூனை ஒன்று வரும்.

இத்தனை குறையோடும் கம்பூட்ஸைத் தள்ளிவிட முடியாத இடம் ஒன்று உண்டு. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி காலிலுள்ள கீறல், வெடிப்பு வழியே உடம்புக்குள் போகும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி போடுகிறோம். சங்கிலியின் மறுமுனையில் இருப்பவருக்குப் போடுகிற வழக்கமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலில் ஆறாத புண் உள்ளவர்களும் இந்த ஆய்வை இங்கேயே நிறுத்திவிட்டு, கம்பூட்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைக்கவும். இதில் நகைச்சுவை எதுவும் இல்லை.

எந்தக் காலணியும் காப்பாற்றாத தண்ணீரும் இருக்கிறது. தெருமுனையில் மின்வாரியப் பெட்டி நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், கம்பூட்ஸ் ரப்பர்தானே என்று கணக்குப் போட வேண்டாம். நெறியாளர் நாலு காலும் வெறுங்காலாக நிற்கிறார். வேறு தெரு வழியே போகவும்.

மூச்சு விடும் ஷூ பற்றி

1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி, மெதுவாக இழுத்தால் அறுகிறதே என்ற எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார். அது அறாமல் நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் விழுந்தன. நீர்த்துளி புக முடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய அளவுத் துளைகள். மலையேறுகிறவர்களின் ஷூக்கள் பலவற்றில் இருப்பது இப்படி மூச்சு விடும் சவ்வுதான். மேல்நாட்டில் நாயோடு நடப்பவர்களும் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். விலை பத்தாயிரத்தைத் தாண்டும்.

இதன் சூட்சுமம் ஒன்றே: ஷூவுக்குள் இருக்கும் ஈரக்காற்று, வெளியே இருக்கும் காய்ந்த காற்றை நோக்கி நகர வேண்டும். மழை நாளில் சென்னைக் காற்றில் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளேயும் ஈரம், வெளியேயும் ஈரம். ஆவி எங்கே போகும்? மூச்சு விடுகிற ஷூ வேளச்சேரிக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறது. ஒருமுறை கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஏறி உள்ளே போய்விட்டால் அது காய்வதற்கு இரண்டு நாள் ஆகும். அதற்குள் நாலு நடை வந்துவிடும். நியூஸ் பேப்பரைச் சுருட்டி உள்ளே திணிக்கலாம், ஈரத்தை உறிஞ்சும்தான். ஆனால் மழைக்காலத்தில் பேப்பரும் நனைந்தேதான் வாசலுக்கு வருகிறது.

தோல் ஷூ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நனையும், பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் வைத்தால் விறைக்கும். நெறியாளர் அதை உணவு வகையில் சேர்த்திருக்கிறார்.

ஹவாய் பற்றி

நம் மக்கள் மழையில் உண்மையில் போட்டுக்கொண்டு போவது ஹவாய் செருப்பைத்தான். இதில் தண்ணீர் தேங்காது, காய வைக்க வேண்டியதில்லை, தொலைந்தால் அழ வேண்டியதில்லை. நனையாக் காலணி என்ற கோட்பாட்டையே கேள்வி கேட்கிற காலணி இது; கால் நனையட்டும், அதனால் என்ன என்கிறது. ஆய்வாளருக்கு இந்தத் தத்துவத்தில் உடன்பாடு உண்டு. செயல்பாட்டில்தான் மூன்று தகராறு.

குதிகால் பக்கம் பிடிப்பில்லாததால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் பின்பகுதி தொங்கி, தரையிலிருந்து சேற்றை அள்ளி, காலைத் தூக்கும்போது சுண்டிவிடுகிறது. வேட்டியோ பேண்டோ, பின்பக்கம் கெண்டைக்காலிலிருந்து தொடை வரை புள்ளி புள்ளியாகச் சேறு ஏறியிருக்கும். போட்டிருப்பவருக்கு அது தெரியாது. தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது, ஈரமான ஹவாயில் பாதம் வழுக்கி முன்னே ஓடும். சாதாரண நடையில் விரல்களால் வாரைக் கவ்விச் சமாளிக்கலாம். நெறியாளர் பூனையைக் கண்டு பாயும்போது ஆய்வாளர் முன்னே போய்விட, செருப்பு பழைய இடத்திலேயே நிற்கும். மூன்றாவது, அந்த இழுப்பில் முன்வார் அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதற்கு நம் ஊர்த் தொழில்நுட்பம் ஊக்கு. அடிப்பக்கம் வாரின் குமிழுக்குக் கீழே குறுக்காக ஓர் ஊக்கைக் குத்தினால் வீடு வரை தாங்கும். வேளச்சேரியில் ஹவாயோடு நாயை நடத்துகிறவர் சட்டைப் பையில் ஊக்கு இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது.

சமீப காலமாக ஈ.வி.ஏ. என்ற நுரைப்பொருளில் ஒரே அச்சில் வார்த்த செருப்புகள் வந்திருக்கின்றன. எடை கிடையாது. நுரையின் அறைகள் ஒவ்வொன்றும் மூடியவை என்பதால் தண்ணீரைக் குடிக்காது. ஒரு துடைப்பில் காய்ந்துவிடும். இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரு கெட்ட குணம், மிதக்கும். காலிலிருந்து கழன்றால் அது பள்ளிக்கரணையை நோக்கிப் போக ஆரம்பித்துவிடும். அடி தேய்ந்த பிறகு பாசி படிந்த சிமெண்டுத் தரையில் வழுக்கவும் செய்யும். வழுக்கலுக்கு நியூசிலாந்தில் ஒரு தீர்வு உண்டு. பனி உறைந்த நடைபாதையில் ஷூவுக்கு மேலே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் வழுக்குவது குறையும் என்று ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் நிரூபித்து, 2010-இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு வாங்கினார்கள். அதைப் பாசிக்குப் பொருத்திப் பார்க்கும் சோதனையில், நெறியாளர் சாக்ஸை உருவிக்கொண்டு போய்விட்டதால் தரவுகள் கிடைக்கவில்லை.

உழைப்பு பற்றி

விஜயநகர் பேருந்து நிலையம் பக்கம் குடை நட்டு உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர் இவ்வாய்வின் முதன்மைத் தகவலாளி. விலை கூடிய ஷூ ஒன்றைக் கையில் வாங்கி, அடியை நடுவில் மடக்கிப் பார்த்து, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்துவிட்டுச் சொன்னார்: “இது தைச்சது இல்ல சார், ஒட்டுனது. மறுபடி ஒட்டித் தரேன், ஒரு மழை தாங்கும். சுத்தித் தைச்சா மூணு மழை தாங்கும். தைச்சா ஓட்டை விழும், தண்ணி போவும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்.” நனையாமை, உழைப்பு என்ற இரண்டுக்கும் உள்ள முரண்பாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வேடும் சொல்லப்போவதில்லை.

உழைக்கும் என்று நம்பி எடுத்துவைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பல ஷூக்களின் அடி பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அறுக்கும். நாய் நடைக்கெல்லாம் வேண்டாம் என்று பீரோவின் மேல் அட்டைப்பெட்டியில் பத்திரப்படுத்திய ஷூவை நாலைந்து வருடம் கழித்து எடுத்து மாட்டி, வாசலைத் தாண்டுவதற்குள் அடி பொடிப் பொடியாக உதிர்வது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, வேதியியல் ஏமாற்றுகிறது. நல்ல ஷூவைத் தினமும் போடுங்கள்.

பல்லுக்கு வருவோம். குட்டி நாய்களுக்கு நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு ஊறும்; எதையாவது கடித்தே தீர வேண்டும். எல்லா நாய் வீட்டுக்காரர்களும் கண்ட விதி ஒன்று உண்டு: நாய் ஒற்றைச் செருப்பை மட்டும்தான் கடிக்கும். மற்றொன்றில் ஒரு பல் தடம் கூட இருக்காது. இதனால் நஷ்டம் பாதி ஆவதில்லை, ஏனென்றால் செருப்புக் கடையில் ஒற்றைக் கால் விற்பதில்லை.

செருப்பை வாசலில் விடுவது நம் வழக்கம். நனைந்ததை உள்ளே கொண்டுவர வீடு சம்மதிக்காது. விலை கூடியதை வெளியே விட மனம் சம்மதிக்காது. மழைக்காலத்தில் வாசலில் விட்ட ஷூவுக்குள் பூரானும் தேரையும் குடிவரும். மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுவது கட்டாயம். நெறியாளர் முகர்ந்து பார்த்துத் தயங்கினால் இரண்டு முறை தட்டவும்.

ஆய்வு முடிவும் பரிந்துரையும்

இவ்வாய்வின் கருதுகோள் ‘தண்ணீர் புகாத காலணியே சிறந்தது’ என்பது. அது பொய்த்தது. வேளச்சேரித் தண்ணீர் புகுந்தே தீரும். புகுந்த வேகத்தில் வெளியேற விடுகிற காலணியே இங்கே நனையாக் காலணி. அப்படி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மழைக்காலப் பள்ளிப் பிள்ளைகள் போட்ட பிளாஸ்டிக் சாண்டல்தான் அது. பக்கமெல்லாம் சன்னல், பின்னால் வார், இரும்பு பக்கிள். குதிகாலைத் தோலுரிக்கும், மற்றபடி அசைக்க முடியாது. எந்த நாயும் அதை இரண்டாம் முறை கடித்ததில்லை.

எனவே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை காலணி உற்பத்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐரோப்பியன் தன் ஊர் மழையில் நடப்பதற்கு அருமையான ஷூக்களை இங்கிருந்து நீங்கள் அனுப்புகிறீர்கள். சென்னைக்கும் ஒன்று செய்யுங்கள். அந்தப் பழைய சாண்டலையே எடுத்துக்கொண்டு, அடிக்கு ஆழமான வெட்டு வைத்த ரப்பர் போடுங்கள். குதிகால் வாரை உரசாத மாதிரி அகலமாக்குங்கள். பக்கிள் துருப்பிடிக்கக் கூடாது. தைக்காமல், ஒட்டாமல், ஒரே வார்ப்பாக இருக்கட்டும். ஒற்றைக் காலும் தனியாக விற்றால் நாய் வளர்ப்போர் உங்களை வாழ்த்துவார்கள். விலை அறுநூறு ரூபாய்க்குள் இருந்தால் நல்லது; வாசலிலிருந்து காணாமல் போனால் இன்னொன்று வாங்க முடிய வேண்டும்.

இவ்வாய்வாளரின் அளவு 9.